தையல் டீச்சருக்கு வந்த கடிதம்

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சாக்கு கம்பளி நூல் வந்தது. எல்லையில் சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. குளிரில் நிற்கும் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்ப வேண்டும் என்று கூடவே ஒரு சுற்றறிக்கை. செஞ்சியில் வெயில் அப்போதே ஆரம்பித்துவிட்டது. சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் காய்ந்த சூட்டைச் சாயங்காலம் ஊருக்குள் இறக்கிவிடும். நூலைத் தொட்டாலே உள்ளங்கை வேர்த்தது.

“ஸ்வெட்டர் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். என் இந்திப் பாடப்புத்தகத்தில் ஒரு பையன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். படம் கறுப்பு வெள்ளை. இருந்தாலும் வேறு யாரும் கையைத் தூக்காததால் என்னையும் தையல் டீச்சரையும் பொறுப்பாகப் போட்டார்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இந்தி டீச்சர். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கதர்ச் சட்டை, ஆளும் கட்சி. நாளைக்கு நாடு முழுக்க இதுதான் பேசப்போகிறார்கள் என்று சொல்லி, பள்ளியில் படிக்கும்போதே என்னை இந்திப் பரீட்சைகளுக்கு உட்காரவைத்தார். ஒன்றுவிடாமல் பாஸ் செய்தேன். வேலை கிடைத்தது. நாடு முழுக்கப் பேசுகிறார்களா என்று எனக்குத் தெரியாது. செஞ்சியில் நானும், எதிர்த்த பெஞ்சுகளில் நாற்பது பெண்களும் பேசினோம். பெல் அடித்ததும் நிறுத்திவிடுவோம்.

தையல் டீச்சர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வல்லம் பக்கத்துக் கிராமம். ஊருக்கு வெளியே தள்ளியிருந்த தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பெண். அந்தத் தெருவில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. கறுப்புச் சேலையில் சிவப்புக் கரை வைத்துக் கட்டுவார். எந்தக் கட்சி என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அரசியல் பேசமாட்டார். அதற்கு வீட்டில் ஒருவர் போதும் என்பார்.

சண்டைக்கு முன்பு வரை டீச்சர் தனி நாடு கேட்டுக்கொண்டிருந்தார். சண்டை வந்ததும் அவர்கள் கட்சி அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்தது. டீச்சரும் ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை யுத்த நிதிக்கு எங்களோடு உண்டியல் குலுக்க வந்தார். இதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. “வூடு பத்தி எரியும்போது பாகப்பிரிவினை பேசுவாங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஸ்வெட்டர் வேலை ஒன்றேகால் வருஷம் பிடித்தது. நூலோடு வந்த விளக்கப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. நான் படித்துச் சொல்வேன், அவர் பின்னுவார். முதல் ஸ்வெட்டரின் கழுத்து மூன்றாம் வகுப்புப் பெண்ணின் தலைக்கே நுழையவில்லை. பிரித்தோம். இரண்டாவது நன்றாக வந்தது, ஆனால் முதுகு இரண்டு இருந்தது. பிரித்தோம். கடைசியில் ஆறு தேறியது. ஐந்தைப் பல கைகள் சேர்ந்து பின்னின. ஆறாவதை டீச்சர் தனியாகப் பின்னினார். அதில் ஒரு கை மற்றதைவிட நாலு விரல் நீளம்.

“பிரிச்சிடலாமா டீச்சர்?” என்றேன்.

“இருக்கட்டும். துப்பாக்கி புடிக்கிற கை நீளமோ என்னமோ, நாம இன்னா கண்டோம்” என்றார்.

காலருக்கு உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து, தன் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் ஊரையும் இங்கிலீஷில் நூலால் எழுதித் தைத்தார். அறுபத்து நாலில் கோடை விடுமுறை முடிந்து பார்சல் போனது. சண்டை முடிந்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குளிர் திரும்ப வரும்தானே என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார்.

அடுத்த ஜனவரியில் மொழிப் பிரச்சினை வந்தது. குடியரசு தினத்திலிருந்து இந்திதான் ஆட்சிமொழி என்று ஆகப்போகிறது என்றார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். செஞ்சியில் ஒருவர் எந்தப் பக்கம் என்பதை அவர் வாயில் ‘ஹ’ வருகிறதா என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நைனா ‘ஹிந்தி’ என்பார். தையல் டீச்சர் ‘இந்தி’ என்பார். நான் வகுப்பில் ஒரு மாதிரியும் கடைவீதியில் ஒரு மாதிரியும் சொன்னேன். நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஒரு பெண் மிஞ்சினாள். அவள் அப்பாவுக்கு வடக்கே மாற்றல் வரும்போலிருந்தது. என் வகுப்பு வாசலில் இருந்த பலகையில் ஒரு நாள் தார் பூசியிருந்தார்கள். பலகையில் ‘ஹிந்தி’ என்று தமிழில்தான் எழுதியிருந்தது.

எனக்கு அந்த மொழி பிடிக்கும். அதைக் கட்டாயமாக்குவது பிடிக்கவில்லை. நைனாவிடம் இரண்டாவதைச் சொல்ல முடியாது. டீச்சரிடம் முதலாவதைச் சொல்ல முடியாது. அதனால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் அந்த ஒரு பெண்ணுக்கு இறந்தகாலம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அதுவரை பள்ளி விட்டதும் நானும் டீச்சரும் கடைவீதி வரை ஒன்றாக நடப்போம். ஜனவரி நடுவில் அது நின்றது. அவர் நேரே பார்த்துக்கொண்டு முன்னால் போனார். நான் பத்தடி பின்னால் போனேன். ஒரே தெரு, வேறு வழி கிடையாது.

குடியரசு தினத்தன்று டீச்சர் ரவிக்கையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு கொடியேற்றத்துக்கு வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடி ஏறியது. டீச்சர் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். தேசிய கீதத்தை எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். எங்களில் பலருக்கு அது முழுதாகத் தெரியாது, அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் போனோம். முடிந்ததும் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டுக் கேட்டார்.

“இன்னா டீச்சர் இது? கொடிக்கு முன்னாடி கறுப்பு குத்திக்கினு?”

“கொடி மேல எனக்கு வருத்தம் இல்லீங்கம்மா. கொடிதான் இந்தி பேசச் சொல்லலியே.”

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அதன் பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். ஊர் ஊராகத் துப்பாக்கிச் சூடு. சிலர் தீக்குளித்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். நைனா பேப்பரை வாசித்துவிட்டு மடித்து, என் கண்ணில் படாமல் கல்லாவுக்குக் கீழே வைப்பார். நான் எடுத்து வாசித்துவிட்டு அதே மாதிரி மடித்து வைப்பேன். செத்தவர்கள் என் வயதுக்காரர்கள். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பள்ளி திறந்த வாரம் கடிதம் வந்தது. தபால்காரர் அதைத் தையல் டீச்சரிடம் கொடுத்து, “இந்தில வந்திருக்குது” என்று ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மேல்விலாசம் இங்கிலீஷ், ராணுவத் தபால் முத்திரை, பின்பக்கம் அனுப்பியவர் பெயர் மட்டும் இந்தி எழுத்தில். உள்ளே இரண்டு பக்கம், மேலே கோடு இழுத்த எழுத்து. டீச்சர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நாலு நாள் பையிலேயே இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் என் வகுப்புக்கு வந்தார். அந்த ஒரு பெண்ணும் அன்று வரவில்லை.

“படிச்சிச் சொல்லு” என்று கடிதத்தை மேஜைமேல் வைத்தார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நான் எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்க முடிந்தது. ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை.

“இன்னா?”

“இருங்க டீச்சர்.”

மறுபடி வாசித்தேன். எத்தனை பரீட்சை பாஸ் செய்திருக்கிறேன், ஒரு சிப்பாய் எழுதிய கடிதம் புரியவில்லை. நைனாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது ஒரு எழுத்து கண்ணில் பட்டது. நம் ‘ள’ ஓசைக்கு உரிய எழுத்து. என் பாடப்புத்தகத்தில் அது கிடையாது. இந்தியில் அந்த ஓசையே கிடையாது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஆஹே’ என்று வேறு முடிந்தது.

“டீச்சர், இது இந்தி இல்ல.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஏன் சுத்தி வளைக்கிற?”

“தெரியல. ஆனா இந்தி இல்ல. மராத்தின்னு நெனைக்கிறேன். எழுத்து ஒண்ணுதான். பாஷை வேற.”

அவர் கடிதத்தை வாங்கி, முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார். “அப்ப இந்த ஊர்ல இத்த யாரு சொல்வாங்க?”

எனக்கு ஒருவர் தெரியும். போஸ்ட் ஆபீஸுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தவர், ஐம்பது வயதிருக்கும். கோட்டையில் மராத்தியர் இருந்த காலத்தில் வந்து தங்கிவிட்ட குடும்பம் என்று சொல்வார்கள். சின்ன வயதில் அளவு கொடுக்கப் போனால் அவரும் அவர் மனைவியும் எனக்குப் புரியாத ஏதோ பேசிக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். ஒன்றாக நடந்தோம், பேசிக்கொள்ளவில்லை.

தையல்காரர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு இந்த எழுத்து தெரியாதே டீச்சரம்மா. எங்க அப்பாவுக்கே தெரியாது. எனக்குத் தமிழ்தான் எழுதப் படிக்க வரும்” என்றார்.

“நான் படிக்கிறேன். புரியுதா பாருங்க” என்றேன்.

முதல் வரியை வாசித்தேன். அவர் மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

“இன்னொருவாட்டி படிங்க.”

படித்தேன். “எங்க பாஷைதான்! கொஞ்சம் மாறுது. நாங்க கல்யாணத்துல பாடற பாட்டு மாதிரி இருக்குது” என்றார்.

இப்படியாக எனக்குப் புரியாததை நான் வாசிக்க, அவரால் வாசிக்க முடியாததை அவர் சொல்லத் தொடங்கினார். ஆனால் அந்த வருஷம் செஞ்சிக் கடைவீதியில், போஸ்ட் ஆபீஸுக்கு எதிரே, ஊருக்கே தெரிந்த இந்தி டீச்சர் நின்றுகொண்டு அப்படி ஒரு பாஷையில் உரக்க வாசிப்பது நல்ல யோசனை இல்லை. மூன்றாவது வரிக்குள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் டீச்சரின் கட்சி இளைஞர் ஒருவர்.

“இன்னா இங்க? நடுரோட்ல இந்தி பாடமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், டீச்சரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “அக்கா, நீங்களா?”

“இந்தி இல்ல” என்றார் தையல்காரர்.

“பின்ன?”

“நாங்க வூட்ல பேசறது.”

“நீங்க தமிழ்தான பேசுவீங்க?”

“அது கடையில.”

இளைஞர் யோசித்தார். இதற்கு அவரிடம் கோஷம் எதுவும் இல்லை. போஸ்ட் ஆபீஸ் பலகையில் இருந்த இந்தி எழுத்துக்குக் காவலாகப் போடப்பட்டிருந்த கான்ஸ்டபிள், கூட்டத்தைப் பார்த்துத் தெருவைத் தாண்டி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், “ஜவான் கடுதாசியா? படிங்க, படிங்க” என்று அவரும் நின்றுகொண்டார்.

தையல்காரர் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார். “அக்காவுக்கு நமஸ்காரம். சட்டை வந்துச்சி. எங்க கும்பல்ல ஒருத்தனுக்கும் சேரல. ஒரு கை நீளமா இருக்குது.”

யாரோ சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“சமையக்காரர் அத்த எடுத்து டீ கெட்டிலுக்குப் போட்டுட்டாரு. பெரிய கெட்டிலு. நீளமான கை வழியா மூக்கு வெளிய வருது. இங்க டீ ஊத்தறதுக்குள்ள ஆறிப்பூடும். இப்ப ஒரு மணி நேரம் சூடா இருக்குது. நாப்பது பேரு குடிக்கிறோம். ஒருத்தன் போட்டிருந்தா ஒருத்தனுக்குத்தான் குளிராம இருந்திருக்கும்.”

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“காலர்ல ஊர் பேரு பார்த்தேன். ஜிஞ்சி. எங்க ஊர்ல சின்னப் புள்ளைங்களுக்குக்கூட ஜிஞ்சி தெரியும். எங்க ராஜா அந்தக் கோட்டையில வந்து இருந்துதான் சண்டை போட்டாரு. கோட்டை இன்னும் இருக்குதா?”

கூட்டம் முழுவதும் நிமிர்ந்து மலையைப் பார்த்தது. “இருக்குதுன்னு எழுதிடுங்க” என்றார் கான்ஸ்டபிள்.

கடைசி வரிகளை நான் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. தையல்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். “ஹவில்தார் இந்தியில எழுதுன்னாரு. எனக்குப் பேச வரும், எழுத வராது. உங்களுக்கும் அது வருமோ வராதோ. அதான் என் பாஷையில எழுதறேன். யாராவது படிச்சிக் காட்டுவாங்க.”

இளைஞர் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். தையல்காரர் சொன்னார். இளைஞர் கலைந்துபோகும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டார். கான்ஸ்டபிள் தன் இடத்துக்குத் திரும்பியபோது போஸ்ட் ஆபீஸ் பலகையில் தார் இருந்தது. ஈரம் காயவில்லை.

பதில் எழுதினோம். டீச்சர் தமிழில் சொல்ல, தையல்காரர் தன் வீட்டுப் பேச்சில் சொல்ல, நான் அந்த எழுத்தில் எழுதினேன். கோட்டை இருக்கிறது, அடுத்த முறை கைகள் சரியாக இருக்கும் என்று. அன்றிலிருந்து மறுபடி ஒன்றாக நடந்தோம்.

மெமோ மீதான விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டும்படி நான் டீச்சரிடம் கெஞ்சினேன்.

“மாட்டேன். சட்டை பின்னினேன்னு காட்டித்தான் நான் இந்த நாட்டுக்காரின்னு சொல்லணுமா? பின்னாதவங்கல்லாம் யாரு?” என்றார். அதோடு முடித்துக்கொண்டார்.

சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள்.

“தேசிய கீதம் பாடினாரா?”

“பாடினாங்க.”

“கறுப்புத் துணி?”

“இருந்தது.”

“உங்கள் அபிப்பிராயத்தில் அவருக்கு தேசப்பற்று உண்டா?”

என் வேலையையும் எடுத்துவிடுவார்களோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. “எனக்குத் தெரியாது” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன்.

“வுடு. இருக்குதுன்னு சொல்லியிருந்தா, உனக்கு எப்டித் தெரியும்னு கேட்டிருப்பாங்க” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றும் இல்லை.

நிர்வாக நலன் கருதி அவரை மேல்மலையனூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். தினமும் பஸ்ஸில் போய்வந்தார். அமாவாசை அன்று அம்மனுக்குப் போகும் கூட்டத்தோடு தொங்கிக்கொண்டு போனார். செப்டம்பரில் மேற்கு எல்லையில் இன்னொரு சண்டை வந்தது. ஜவானிடமிருந்து பதில் வரவில்லை. டீச்சர் மாதக்கணக்கில் சாயங்காலம் போஸ்ட் ஆபீஸ் வழியாகவே நடந்தார். உள்ளே போய்க் கேட்டதில்லை.

அறுபத்தேழில் ஆட்சி மாறியது. நைனா இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனார். டீச்சரின் கட்சி இப்போது ஆளும் கட்சி. ஒரு வார்த்தை சொன்னால் செஞ்சிக்கே மாற்றல் கிடைக்கும் என்றேன்.

“கேட்டா குடுப்பாங்க. அதான் கேக்கல” என்றார்.

மறு வருஷம் பள்ளிகளில் இந்தி வேண்டாம் என்று முடிவானது. என் வேலைக்கு முடிவு வந்தது. செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் கடைக்கு வந்தார். நைனா எழுந்து நின்று நாற்காலியைத் தள்ளிப் போட்டார். அவர்கள் இருவரும் அதற்கு முன் பேசியதில்லை. இந்தி டீச்சர்களை வெளியே அனுப்பாமல் வேறு பாடத்துக்குப் போட வேண்டும் என்று டீச்சர் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். தன் கட்சிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கப் போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று தையல் கடை வாசலில் நின்ற இளைஞர் இப்போது கட்சியில் ஊர்ச் செயலாளர். மனுவை இரண்டு முறை படித்தார்.

“இன்னாக்கா, இத்தினி பேரு செத்து இப்பதான் ஜெயிச்சிருக்கோம். இந்தி டீச்சருக்குக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களே?”

“இந்திய எடுத்தாச்சி இல்ல? மிச்சம் இருக்கிறது டீச்சர்தான்.”

“நம்ம ஆளுங்களே கேள்வி கேப்பாங்க.”

“கேக்கட்டும். என்னை அவங்க ஆளுங்க கேட்டாங்க, உன்னை நம்ம ஆளுங்க கேக்கட்டும். கேட்டா இன்னா? மேல்மலையனூருக்கு பஸ் இருக்குது.”

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் பதினேழு பேர் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. எனக்குப் பூகோளம் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பூகோளம் தெரியாது. லீவில் உட்கார்ந்து படித்தேன்.